தொடரும் போட்ட பிறகு வந்த டாக்டர்

என் வீட்டுக்காரர் எழுதிய நாவலைத் தேடிக்கொண்டு நான் தேனிப்பக்கத்துக் கூடலூருக்குப் போய் வந்த கதை இது. எழுபதுகளில் நடந்தது. அந்த நாவலில் ஒரு வரியைக்கூட அதுவரை நான் வாசித்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிட்டாய்க்கடைக்காரர் பெண்டாட்டி மிட்டாய் சாப்பிடுவதில்லை, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் பெயர் 'திறக்காத ஜன்னல்'. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஓடிற்று, ஓடிற்று, வருஷக்கணக்கில் ஓடிற்று. கடைசியில் பத்திரிகையையே மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் இன்றைக்கும் சாதிப்பார். அவர் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த பக்கங்களைப் பரணில் கரையான் தின்றுவிட்டது. அந்த நாவலை முழுசாக ஜீரணித்த ஒரே ஜீவன் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஒரு பதிப்பாளர் வாய் தவறி, "பிரதி இருந்தா கொண்டாங்க சார், பொங்கலுக்குள்ள போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பிரதிக்கு எங்கே போவது? மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை, வெளியே இறங்குவதில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து, "எல்லாம் போச்சுடி" என்று பெருமூச்சு விடுவதே வேலையாகிவிட்டது. புத்தகம் வந்தால் இவர் தெருவில் நடப்பார், வராவிட்டால் ஆயுசு முழுக்க என் அடுப்படியில்தான் நடப்பார். கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். அவருக்கு ஏலக்காய் போடும் கூடலூர் வியாபாரி வீட்டில் அந்தத் தொடர்கதை பைண்டு செய்து பத்திரமாக இருக்கிறதாம். அந்த வீட்டம்மா அதை வெளியே கொடுப்பதில்லையாம், வேண்டுமானால் வந்து பார்க்கலாமாம்.

என் வீட்டுக்காரருக்கு உடனே மூட்டுவலி வந்துவிட்டது. அவருடைய கதாநாயகன் இரண்டு மலை ஏறி இறங்குகிறானாம், அவனுக்கெல்லாம் மூட்டே கிடையாது போலிருக்கிறது. ஆகவே நான் புறப்பட்டேன். வாசல்வரை வந்து, "அந்த ஆளுக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது" என்றார்.

அந்த ஆள் என்பது அதே பத்திரிகையில் அதே சமயத்தில் இன்னொரு தொடர்கதை எழுதியவர். என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் இருந்த ஒரே எதிரி. எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லக்கூடாது. "அந்த ஆள் எழுத்துல ஆழம் கிடையாது, அர்த்தம் கிடையாது" என்று பேச்சுக்குப் பேச்சு சொல்வார். படித்தீர்களா என்று கேட்டால், "படிச்சுத்தான் தெரியணுமா?" என்பார். அந்த ஆள் குடியிருந்தது எங்களுக்கு நாலு தெரு தள்ளி. அந்தத் தெருவை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் இவர் காய்கறிக்கடைக்குப் போவார்.

மதராஸிலிருந்து மதுரைக்கு வந்து, அங்கிருந்து தேனிவரைக்கும் ரயில். ரயில் என்று டிக்கெட்டில் போட்டிருந்ததால் நம்பினேன். ஆண்டிபட்டி ஏற்றத்தில் என் எதிரே இருந்த பெரியவர் இறங்கி, வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். தேனியில் பஸ் மாறினேன். சந்தையிலிருந்து வந்த மூட்டைகளெல்லாம் முதலில் உட்கார்ந்தன, மிச்ச இடம் எங்களுக்கு.

"எங்கனம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"கூடலூர்."

"கூடலூர்ல யாரு வீட்டுக்கு?"

மதராஸில் எந்தக் கண்டக்டரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் போலீசைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே பக்கத்தில் இருந்தவர்களும் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வியாபாரி வீட்டில் ஒரு பழைய கதைப்புத்தகம் இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"அட, செல்லத்தாயி வீட்டு டாக்டர் கதையா?"

"இல்லப்பா. ஜன்னல் கதை."

"ஜன்னலெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. டாக்டர் கதைன்னா தெரியும். எங்க ஆத்தா அங்கனதான் காய் பொறுக்குது. ராத்திரி வந்து அதையேதான் சொல்லும்."

வேறு ஏதோ புத்தகம் என்று விட்டுவிட்டேன். உத்தமபாளையம் தாண்டி பஸ் இஞ்சின் புகைவிட்டு நின்றது. டிரைவர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். சனங்களுக்குக் கோபமே வரவில்லை. ரோட்டோரத்துத் தோட்டத்துக்காரரிடம் கறுப்புத் திராட்சை வாங்கி, கொட்டையைத் துப்பிக்கொண்டு ஊர்வம்பு பேசினார்கள். மதராஸில் குழாயடியில் ஒரு குடம் தண்ணீருக்கு மண்டை உடையும். இங்கே வாய்க்கால் நிறையத் தண்ணீர் கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

கூடலூர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செல்லத்தாய்தான் அந்த வீட்டம்மா, என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. புருஷன் குமுளியில் ஏலக்காய் வாங்கி அனுப்புவார். இங்கே அதைத் தரம் பிரிக்கிற டிப்போவை நடத்துவது இந்த அம்மாள். பார்த்தவுடன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கக்கா. கதை எழுதினவரு வீட்டுலருந்தே வாராகன்னு காலையிலருந்து எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

எனக்குப் பெருமையாக இருந்ததை மறைப்பானேன்? வீட்டில் விளக்குமாறு எங்கே என்று தெரியாத மனுஷனுக்கு இங்கே இவ்வளவு மரியாதை. கருவாட்டுக் குழம்பும் மொச்சையும் போட்டார்கள். அமிர்தமாக இருந்தது. ஆனால் டீயில் ஏலக்காய், பாயசத்தில் ஏலக்காய், குடிக்கிற வெந்நீரிலும் ஏலக்காய். தலையணையில்கூட அந்த வாசனைதான்.

மறுநாள் காலை டிப்போவுக்குக் கூட்டிப்போனார். நீளமான கூடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, முறம்போன்ற சுளகில் ஏலக்காயைப் பரப்பி, பச்சைக்காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸ்டூலில் பாக்கியம் என்கிற அம்மாள். அவருக்குக் காய் பொறுக்குகிற வேலை இல்லை, வாசிக்கிற வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மடியில் இருந்தது என் வீட்டுக்காரரின் நாவல், ஆட்டுக்கல் கனத்தில்.

கேளுங்கள், என் வீட்டுக்காரரின் எழுத்தை முதல் முதலாக நான் கேட்ட இடம் அதுதான்.

"வினோதினி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் வினோதினியைப் பார்த்தது. இருவருக்கும் நடுவில் மௌனம் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது."

பாக்கியம் இதைக் சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தார். ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வினோதினி என்னவோ நினைத்தாள், நினைத்ததை மறந்தாள், மறந்ததை நினைத்தாள். கம்பளி போர்த்திய ஒருவன் வந்து எதுவும் சொல்லாமல் போனான். எதற்கு வந்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை. "தொடரும்" என்று வாசித்தார் பாக்கியம். தண்ணீர் குடிக்கப் போனவள் ஓடிவந்து உட்கார்ந்தாள். கூடம் நிமிர்ந்தது. பாக்கியம் பக்கத்தைத் திருப்பினார்.

"என்றபடி டாக்டர் அவளைப் பார்த்தார். 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்றார். 'ஒன்றும் இல்லை' என்றாள். 'அப்படியானால் முதலில் சாப்பிடு. மருந்து அப்புறம்' என்று தன் டிபன் பாக்ஸை அவள் பக்கம் தள்ளினார்."

"மனுசன்!" என்றாள் ஒரு கிழவி. கண்டக்டரின் ஆத்தா அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் ஒரு பக்கம் வந்தார். பாதி வாக்கியத்தில் போய்விட்டார். அதே மூச்சில் பாக்கியம், "தலைமுடி கருகருவென்று அடர்ந்து வளர" என்று ஒரு தைல விளம்பரத்தையும் விடாமல் வாசித்து முடித்தார். அதையுமா என்று கேட்டேன்.

"வாசிக்கிறதுன்னா ஒரு எழுத்து விடாம வாசிக்கணும். எது எதுக்கு வேணும்னு நமக்கென்ன தெரியும்?" என்றார் பாக்கியம்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் செல்லத்தாய் விஷயத்துக்கு வந்தார். "அக்கா, புஸ்தகத்தை நீங்க தாராளமா எடுத்துட்டுப் போகலாம். எங்களுக்கு ரெண்டு விவரம் மட்டும் சொல்லிப்புடணும். அந்த டாக்டரு யாரு? கடைசியில ஆத்துத் தண்ணியில எறங்கிப் போய் ஒரு புள்ளைத்தாச்சிக்கு வைத்தியம் பாக்கப் போறாரே, அவ பொழைச்சாளா இல்லையா?"

"இத்தனை வருசமா இதே பேச்சுதான்" என்றாள் அந்தக் கிழவி. "டாக்டரு வினோதினிக்கு அண்ணன்னு நான் சொல்றேன். அந்தா அவ, இல்ல, மொதப் புருசன்ங்கிறா. அதுலருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

"தொடரும்னு போட்டா கதையில எல்லாரும் நின்னுர்றாக. தொடரும் போட்ட பெறகும் வாரவரு அவரு ஒருத்தர்தான்" என்றார் பாக்கியம். "அதுலயே தெரியலையா, அவரு சாதாரண ஆளு இல்லைன்னு?"

எனக்குத் தெரியாது, வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். பெண்டாட்டிக்கே சொல்லாமல் மனுஷர் எப்படி ரகசியம் காத்திருக்கிறார் பாருங்கள் என்று என் வீட்டுக்காரரின் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு செல்லத்தாய் வீட்டு மாடிக்குப் போனேன். அன்று மத்தியானம் முழுக்க, மறுநாள் முழுக்க வாசிப்பு. ஐயோ, அந்த அவஸ்தையை என்ன சொல்ல? வினோதினிக்கு என்ன கஷ்டம் என்று இருநூறு பக்கம் தாண்டியும் தெரியவில்லை. ஒரு குருட்டுப் புல்லாங்குழல்காரர் வருகிறார், சிவப்புக் குடை பிடித்த ஒருத்தி வருகிறாள், பெயரே இல்லாத கதாநாயகன் வருகிறான். ஒருவர் கேட்பதற்கு இன்னொருவர் நேராகப் பதில் சொல்லிவிட்டால் கதை நின்றுபோகும் என்று அத்தனை பேருக்கும் பயம். உப்பு குறைவு என்பதைக்கூட வீட்டில் அவர் இப்படித்தான் சுற்றிவளைத்துச் சொல்வார்.

ஆனால் டாக்டர் வருகிற பக்கங்களில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னை அறியாமலே அடுத்த 'தொடரும்' எப்போது வரும் என்று பக்கங்களைத் தள்ளினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா? இப்படிச் சுருக்கமாகப் பேசுகிற ஒரு மனிதனை என் வீட்டுக்காரரால் ஏழு ஜென்மத்திலும் எழுத முடியாது.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கணக்குத்தான். தாளின் முன்பக்கம் இவருடைய அத்தியாயம் முடியும். அதே தாளின் பின்பக்கம் டாக்டர். படம் போட்டவரும் வேறு ஆள். பத்திரிகையில் இவர் தொடர் முடிந்த பக்கத்துக்குப் பின்னால் இன்னொருவர் தொடர் அச்சாகியிருக்கிறது. தாளைக் கிழித்தபோது அந்த ஒரு பக்கமும் கூடவே வந்துவிட்டது. பைண்டு போட்டவர் ஓரம் வெட்டும்போது மேலே இருந்த தலைப்பும் பெயரும் முதல் வரியும் போய்விட்டன. பாக்கியத்துக்கு ஒரு எழுத்தையும் விடக்கூடாது. அவ்வளவுதான் டாக்டரின் மர்மம்.

யார் அந்த இன்னொருவர் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. "என் பக்கத்துக்கு முதுகுப்பக்கம் அந்த ஆளைப் போடுறாங்கடி" என்று அந்தக் காலத்தில் இவர் வாராவாரம் குதித்தது ஞாபகம் வந்தது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். கீழே ஒரு கூடமே பதிலுக்குக் காத்திருந்தது. பதிலைச் சொன்னால் புத்தகத்தைத் தருவார்களா?

அடுத்த நாள் மலையடிவாரத்து லோயர் கேம்புக்கு, மின்நிலையம் பார்க்க, என்னை அழைத்துப்போனார் செல்லத்தாய். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அந்த ஊரில் சட்டம் எதுவும் இல்லை. டிரைவரே பாதி உடம்பை வெளியே வைத்துத்தான் ஓட்டினார். மலையிலிருந்து ராட்சசக் குழாய்கள் இறங்குவதையும், கரண்ட் எடுத்த பிறகு தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுவதையும் காட்டினார்கள். நான் பார்த்தேன் என்று பேர். மனசு முழுக்க டாக்டர்தான். வினோதினியின் பெரியப்பா மகன் என்று சொல்லிவிட்டால் என்ன? அந்தப் பெண்ணும் பிழைத்துவிட்டாள், ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். வாயைத் திறந்து நாலு வார்த்தை, புத்தகம் கைக்கு வந்துவிடும்.

"அந்தப் புள்ளைத்தாச்சிக்காக நான் சுருளி கோயிலுக்குப் போறப்ப வேண்டிக்கிட்டேன்க்கா" என்றார் செல்லத்தாய், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "கதைதான்னு தெரியும். இருந்தாலும் கேக்கல மனசு. எனக்கு மூத்தது பொறக்கையில மழை, டாக்டரு வரல. புள்ளை தங்கல. அதான்."

அதற்கப்புறம் எனக்குப் பெரியப்பா மகன் தொண்டையில் சிக்கிக்கொண்டான்.

திரும்பி வந்ததும் தபாலாபீசிலிருந்து மதராஸில் எங்கள் எதிர் வீட்டு எண்ணுக்கு ட்ரங்க் கால் போட்டேன். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. இவரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"புத்தகம் கிடைச்சுதா?"

"இருக்கு. ஆனா ஒரு சிக்கல், அந்த டாக்டர்..."

"யாருக்கு உடம்பு சரியில்ல? அதை விடு. வினோதினியைப் பத்தி என்ன சொல்றாங்க? அழறாங்களா?"

"கொட்டாவி விடுறாங்க" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. அவர் காதில் விழவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடவுள் இருக்கிறார்.

கடைசி நாள் காலையில் டிப்போவில் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். தாளைப் பிரித்து முன்பக்கம் இது, பின்பக்கம் அது என்று காட்டினேன். டாக்டர் வினோதினிக்கு அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை, அவரை எழுதியது என் வீட்டுக்காரரே இல்லை என்றேன். சுளகுகள் நின்றுவிட்டன. நாவல் போயிற்று, பொங்கலும் போயிற்று, இனிமேல் என் அடுப்படியில் இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நான் வாசிச்சது தப்பா?" என்றார் பாக்கியம். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நீ வாசிக்காட்டி டாக்டரு நமக்கு ஏது?" என்று சட்டென்று சொன்னாள் அந்த மொதப் புருசன் கட்சிக்காரி. எதிர்க்கட்சிக் கிழவியும், "அதான புள்ள" என்றாள். இருவரும் பேசிக்கொண்டதைக் கண்டு கூடமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

செல்லத்தாய் என்னிடம் திரும்பினார். "அது கெடக்கட்டும்க்கா. அந்த டாக்டரை எழுதினவரு உசுரோட இருக்காகளா?"

"இருக்கார். எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி."

"பெறகென்ன? இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. அவருகிட்ட கேட்டு, அந்தப் புள்ளைத்தாச்சி பொழைச்சாளான்னு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க, போதும்."

"இது இல்லாம உங்களுக்கு?"

"ஜன்னல் கதைதானக்கா" என்றார்.

அவமானமும் நிம்மதியும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழைய சேலைத் துணியில் புத்தகத்தைக் கட்டி, மேலே ஒரு பொட்டலம் நல்ல பச்சைக்காயும் வைத்துக் கொடுத்தார்கள். பஸ் ஏறும்வரை கிழவி கூடவே வந்தாள். "மறந்துறாதாத்தா, கேட்டுச் சொல்லு" என்று ஜன்னல் வழியாக இரண்டு தரம் சொன்னாள். பஸ் அதே உத்தமபாளையத்தில் நின்றது. இந்தத் தடவை நானும் இறங்கித் திராட்சை தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறை. பயணம் எப்படி இருந்தது, சாப்பிட்டாயா, ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வாசித்தார். மறுநாள் காலையில் காபி கொண்டுபோய் வைத்தபோது கண் சிவந்திருந்தது.

"வினோதினி கொஞ்சம் இழுக்குறா" என்றார். "ஆனா இந்த டாக்டர் இருக்கார் பாரு! இவரை நான் எப்படி எழுதினேன்னே தெரியலடி. என் எழுத்துலேயே இதுதான் உச்சம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சுருளியில் வேண்டிக்கொண்டவள் ஞாபகம் வந்தது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், கொட்டாவியைத் தவிர.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. காபி ஆறி ஆடை கட்டியது. சாயங்காலம் சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். மூட்டுவலி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

"எங்க?" என்றேன்.

"நாலு தெரு தள்ளி" என்றார். படியில் இறங்கியவர் நின்றார். "இத்தனை வருஷம் கழிச்சு அந்த மனுஷன் முன்னால போய் நின்னு, என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறது?"

"கூடலூர்ல கேட்டதையே கேளுங்க" என்றேன். "அந்தப் புள்ளைத்தாச்சி பொழைச்சாளா, இல்லையா?"

"நானும் அதைத்தான் கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.